ஏரிப்பக்கத்து மூன்றாவது தூண்

பூமி குலுங்கி மூன்று வாரமாகியும் மெலானியாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மசாயா சாலையோரத்து மாந்தோப்பில் நாற்பது குடும்பங்கள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. மற்றவர்கள் காலையில் அடுப்பு மூட்டினார்கள், தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றார்கள், மத்தியானம் மர நிழலில் சாய்ந்தார்கள். மெலானியா நடந்துகொண்டே இருந்தாள். துவைத்த துணியை எடுத்து மறுபடி துவைப்பாள். கல் பொறுக்கிய பீன்ஸை மறுபடி முறத்தில் கொட்டுவாள்.

"கொஞ்ச நேரம் உக்காரேன்டி. உன்னப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றாள் பக்கத்துத் தார்ப்பாய் ஒதிலியா. சோள மாவில் பன்றிக்கறி வைத்து வாழையிலையில் பொதிந்து வேகவைத்த நகதமால் விற்று நாலு பிள்ளைகளை ஆளாக்கியவள். இப்போது வாங்க ஊரும் இல்லை, பொதிய கறியும் இல்லை. வாய் மட்டும் மிச்சம்.

"உக்காந்தா தரை ஆடுற மாதிரியே இருக்கு அக்கா."

"ஆடத்தான் செய்யுது. நேத்து மட்டும் நாலு தடவ. நீ நடந்தா அது நின்னுடுமா?"

மெலானியாவின் கணவன் எலிசெயோ அவளுக்கு மேல். விடிந்ததும் எழுந்து போய்விடுவான். எங்கே என்று சொல்ல மாட்டான். பொழுது சாயும்போது முழங்கால் வரை சாம்பல் நிறப் புழுதியோடு திரும்புவான். அந்தப் புழுதி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மனாகுவாவின் நடுப்பகுதி முழுவதையும் முள்கம்பி போட்டு அடைத்து, நின்ற சுவர்களையும் டைனமைட் வைத்துச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் மாந்தோப்பில் அடுப்படிப் பெண்கள் கரண்டியோடு எழுந்து நின்றார்கள்.

அந்த வேலிக்குள் ஏரிக்கரையில், கண்ணாடிச் சரவிளக்குகளில் ஒரு குமிழ்கூட உதிராமல் நின்றது தேசிய அரங்கம்.

அரங்கம் வருவதற்கு முன்னால் அந்த ஊரில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மேடை கிடையாது. பாட வருகிறவர்கள் சினிமாக் கொட்டகையில் பாடினார்கள். மழை பெய்தால் தகரம் அவர்களைவிடச் சத்தமாகப் பாடியது. எத்தனையோ வருஷம் பேசிப் பேசி, கடைசியில் ஏரிக்கரையில் அஸ்திவாரம் தோண்டியபோது ஊர் சிரித்தது. குழாயில் தண்ணி வரல, நாடகத்துக்குப் பளிங்கு கேக்குதா என்றார்கள். ஆனால் கட்டிமுடித்துத் திறந்த அன்றைக்கு, சிரித்தவர்கள்தான் முதலில் வந்து வாசற்படியில் நின்று வாய் பிளந்தார்கள். அது நடந்து மூன்று வருஷம். அன்றிலிருந்து டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள் மெலானியா. அதற்கும் முன்னால், அந்தத் தூண்களுக்குள்ளே இருக்கிற கம்பிகளைக் கட்டியவர்களில் ஒருவன் எலிசெயோ.

அந்த டிசம்பர் இரவில் அவர்கள் குடியிருந்த வீடு, மரச்சட்டத்துக்கு நடுவே மண் அடைத்து எழுப்பிய பழைய வீடு, ஒரு மூச்சில் உட்கார்ந்துவிட்டது. முன்னறையில் படுத்திருந்த இவர்கள் இரண்டு பேரும் தெருவில் வந்து விழுந்தார்கள். பின்னறையில் படுத்திருந்த மெலானியாவின் தங்கை திரான்சித்தோ வரவில்லை. இருபது வயது. தையல் மெஷின் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளைப் புதைத்த நாளிலிருந்து அவள் பெயரைக் கணவன் மனைவி இருவருமே வாயில் எடுக்கவில்லை.

இந்த மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு பழைய ஜீப் தோப்புக்குள் நுழைந்தது. இறங்கியவர் அரங்கத்தின் நிர்வாகி தோன் அகாப்பித்தோ. எப்போதும் கஞ்சி மொடமொடக்கிற வெள்ளைச் சட்டையோடு பார்த்த மனிதர்; இப்போது யாரோ கொடுத்த பனியனோடு வந்தார். டை மட்டும் கட்டியிருந்தார். பனியனுக்கு மேல் டை.

"மெலானியா, மகளே, உன்னத் தேடி நாலு முகாம் ஏறி இறங்கிட்டேன். யாரக் கேட்டாலும், மருந்துக் கடை இருந்த இடத்துலேர்ந்து ரெண்டு தெரு, சினிமா இருந்த இடத்துலேர்ந்து ஒரு தெருங்கிறான். கடையும் இல்ல, சினிமாவும் இல்ல. நான் எங்க போய் எண்றது?"

"உக்காருங்க தோன் அகாப்பித்தோ. காப்பி இல்ல, சோளக் கஞ்சித் தண்ணிதான் இருக்கு."

"உக்கார நேரமில்ல. அரங்கத்த இடிக்கப்போறாங்களாம்."

மெலானியா முறத்தைக் கீழே வைத்தாள். "நல்லாத்தானே நிக்குது?"

"நிக்குதுதான். ஆனா வேலிக்குள்ள இருக்கிறது எல்லாத்தையும் தரைமட்டமாக்கிடணும்னு ஒரு கூட்டம் சொல்லுது. ஊரையே வேற எடத்துக்கு மாத்திடலாம்னு பேசுறாங்க. வெளிநாட்டு எஞ்சினியர்கள் ஒவ்வொரு கட்டடமா பாத்து எழுதிக் கொடுக்கணும். நம்ம கட்டடத்துக்கு மெக்சிகோவிலேர்ந்து ஒருத்தர் வந்திருக்கார். உள்ள எத்தன கம்பி, எப்படிக் கட்டியிருக்குன்னு தெரியாம கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். வரைபடம் எல்லாம் இடிஞ்ச ஆபீசுக்கு அடியில கிடக்கு. அதான் உன் வீட்டுக்காரர்..."

"அவர் வர மாட்டார்."

"கேட்டுப் பாரேன்."

கேட்டாள். சாயங்காலம் அவன் வந்து காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். எலிசெயோ தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான். பிறகு அவள் எதிர்பாராத பதிலைச் சொன்னான்.

"வரேன்."

"உள்ள போகணுமே? கூரைக்கு அடியில?"

"வெளியிலேர்ந்தே சொல்றேன். எனக்குத்தான் தெரியுமே."

அவன் ஒத்துக்கொண்டதில் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் குரலில் ஏதோ ஒரு அவசரம் இருந்தது, பசியோடு வந்தவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பதுபோல.

மறுநாள் ஜீப்பில் போனார்கள். முள்வேலி வாசலில் சிப்பாய் ஒருவன் அனுமதிச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு உள்ளே விட்டான். மெலானியா பிறந்து வளர்ந்த தெருக்கள் வழியாகத்தான் வண்டி போனது. ஒன்றையும் அவளால் அடையாளம் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் மேடு. மேட்டுக்கு மேல் ஒரு கட்டில்கால், ஒரு காலண்டர், ஒரு பறவைக் கூண்டு. ஒரு திருப்பத்தில் எலிசெயோ சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அப்போதுதான் அது தங்கள் தெரு என்று அவளுக்குப் புரிந்தது. அவளும் பார்க்கவில்லை.

அரங்கத்தின் படிக்கட்டில் எஞ்சினியர் பெனாவிதெஸ் காத்திருந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில், கையில் அட்டை வைத்த தாள்கள். கூட ஒரு வேலையாள் உளியும் சுத்தியலுமாக நின்றான். ஏரிக்காற்று படியெல்லாம் புழுதியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தது.

"வாங்க மேஸ்திரி. நீங்கதான் இங்க கம்பி கட்டினதாமே?"

"நானும் இன்னும் முப்பது பேரும்."

"உள்ள போய்ப் பேசலாமா?"

"இங்கயே கேளுங்க."

எஞ்சினியர் வற்புறுத்தவில்லை. அவருக்கும் இந்த மூன்று வாரத்தில் இப்படிப்பட்ட ஆட்கள் பழகியிருப்பார்கள். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். அஸ்திவாரம் எத்தனை ஆழம், எந்த வருஷம் எந்தப் பக்கம் ஊற்றினார்கள், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளை எத்தனை விரல்கடைக்கு ஒன்றாகப் போட்டார்கள். எலிசெயோ எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். நேராக நிற்கவில்லை, சொல்லிக்கொண்டே இரண்டு படி இறங்குவான், மூன்று படி ஏறுவான். எஞ்சினியர் அவன் பின்னால் எழுதிக்கொண்டே நடந்தார்.

"சரி. தூணுக்கு எத்தன கம்பி?"

எலிசெயோ நின்றான்.

"ஏரிப் பக்கம் இருக்கு பாருங்க மூணாவது தூண். அதுல எட்டுதான்."

தோன் அகாப்பித்தோவின் கை டைக்குப் போனது.

"எட்டா?" என்றார் எஞ்சினியர். "இந்தக் கனத்துக்கு எட்டு பத்தாதே."

"பத்தாதுதான். அன்னிக்குக் கம்பி தீந்து போச்சு. காத்திருக்க முடியாது, ஊத்துங்கடான்னாங்க. ஊத்திட்டோம். பக்கத்துத் தூண்லயும் அப்படித்தான் இருக்கும். இப்ப நிக்குது, அதிர்ஷ்டம். அடுத்த ஆட்டத்துக்கு நிக்காது."

எஞ்சினியர் தாளில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். தோன் அகாப்பித்தோ படியில் உட்கார்ந்துவிட்டார். "தெய்வமே, ஆயிரத்து இருநூறு பேர உள்ள வச்சுக் கதவ மூடியிருக்கேனே" என்று முணுமுணுத்தார்.

மெலானியாவுக்கு உள்ளங்கால் சுட்டது. அவன் சொன்னது பொய். அந்தத் தூணை அவளுக்குத் தெரியும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளையும் திரான்சித்தோவையும் கூட்டிவந்து காட்டியவனே அவன்தான். வெறும் கம்பிக்கூடாக, இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது அது. திரான்சித்தோ சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு எண்ணினாள்.

சொல்ல வேண்டும். சொன்னால் கட்டின புருஷனை மூன்றாம் மனிதர் முன்னால் பொய்யன் என்பதாகும். சொல்லாவிட்டால் நாளைக்கோ மறுநாளோ இங்கேயும் வெடி வைப்பார்கள். அவள் படியில் இறங்கினாள், ஏறினாள். எண்ணியவள் பெயரைச் சொல்லாமல் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது.

"எலிசெயோ" என்றாள். "பதினாறு."

அவன் அவளைப் பார்க்கவில்லை.

"எஞ்சினியர் ஐயா, அதுல பதினாறு கம்பி இருக்கு. என் தங்கச்சி எண்ணினா. அவளுக்கு அப்பத்தான் பதினஞ்சு முடிஞ்சிருந்துச்சு. என் வயச விட ஒண்ணு கூட இருக்கு அத்தான், அடுத்த வருஷம் சரியாப் போயிடும்னு சொல்லிச் சிரிச்சா. திரான்சித்தோ எண்ணினா."

"நீ சும்மா இரு மெலா" என்றான் எலிசெயோ, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? நீதானே கூட்டிட்டு வந்து காட்டின? கம்பி வளையுமாடின்னு அவள ஏறி நிக்கச் சொன்னியே!"

"பொம்பளைங்களுக்கு என்ன தெரியும் கம்பியப் பத்தி?"

"எண்ணத் தெரியும்."

எஞ்சினியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காதில் இருந்த பென்சிலை எடுத்து, மறுபடி காதிலேயே வைத்தார். "ஒருத்தர் எட்டுங்கிறீங்க, ஒருத்தர் பதினாறுங்கிறீங்க. சண்ட வேண்டாம். திறந்து பாத்துடலாம்" என்று வேலையாளுக்குக் கண்ணைக் காட்டினார்.

உள்ளே போனார்கள். மெலானியாவும் போனாள், கதவுக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி. அந்தக் கூடத்தில் மூன்று வருஷச் சனிக்கிழமை நெரிசலை ஒற்றை ஆளாகச் சமாளித்தவள். இப்போது தலைக்கு மேல் தொங்கும் சரவிளக்கைப் பார்க்கவே பயந்தாள். எலிசெயோ வாசலுக்கு வெளியே நின்றுகொண்டான். கண்ணாடிக் கதவு திறந்திருந்தது.

வேலையாள் தூணின் நட்டநடுவில் உளியை வைத்து ஓங்கி அடித்தான். பளிங்குத் துண்டுகள் தெறித்தன. இன்னொரு அடி. உளி வழுக்கியது. மூன்றாவது அடியில் ஒரு பெரிய சில்லு பெயர்ந்து, தூணில் மேல்நோக்கி மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது.

"டேய், அங்க அடிக்காத!" என்றான் எலிசெயோ வெளியிலிருந்து.

வேலையாள் காதில் வாங்காமல் அடித்தான்.

"அந்த எடத்துல என்னடா இருக்கு? மூலையில அடி! உளியப் படுக்கப் போடு! இப்படி நேரா வச்சா கட்டுக்கம்பி அறுந்துடும்டா."

"எனக்குத் தெரியும் பெரியவரே."

"உன் தலை தெரியும்!"

என்ன நடந்தது என்று மெலானியா யோசிப்பதற்குள் எலிசெயோ கதவைத் தாண்டிவிட்டான். விடுவிடுவென்று கூடத்தைக் கடந்து போய், அந்த ஆளின் கையிலிருந்து உளியையும் சுத்தியலையும் பிடுங்கினான். தூணைக் கையால் ஒரு தடவை தடவினான், மாட்டின் முதுகைத் தடவுவதுபோல. மூலையில் ஓரிடம் பார்த்து உளியைச் சாய்த்து வைத்தான். டொக். டொக். டொக். சின்னச் சின்ன அடி. சோற்றுப்பருக்கை அளவு சில்லுகள் உதிர்ந்தன.

அப்போதுதான் வெளியே வெடித்தது. பக்கத்துத் தெருவில் வைத்திருப்பார்கள் போலும். தரையே ஒரு முறை மேலே வந்து கீழே போனது. சரவிளக்குகள் சலசலத்தன. எஞ்சினியர், வேலையாள், தோன் அகாப்பித்தோ, மெலானியா, எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு படிக்கு ஓடினார்கள். தோன் அகாப்பித்தோவின் செருப்பு ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு மெலானியா திரும்பிப் பார்த்தாள்.

அவ்வளவு பெரிய கூரைக்கு அடியில் எலிசெயோ தனியாக, முழங்கால் போட்டு உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தான். டொக். டொக். வெடிச்சத்தம் அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கூரைக்கு அடியில் இருப்பது அவனுக்கு ஞாபகம் வந்துவிடும் என்று பயந்தாள்.

புழுதி அடங்கியதும் ஒவ்வொருவராகத் திரும்பி உள்ளே வந்தார்கள். எலிசெயோ அடிப்பதை நிறுத்தியிருந்தான். தூணின் மூலையில் ஒரு ஜன்னல் அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே கம்பிகள், கட்டைவிரலை விடக் கனமானவை, துருப்பிடிக்காமல் நீலம் பூத்து நின்றன. குறுக்கே ரிங்குகள் நெருக்கமாக. ஒவ்வொரு சந்திப்பிலும் கட்டுக்கம்பி இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி, முனையை உட்பக்கமாக மடித்திருந்தது.

எஞ்சினியர் குனிந்து, பென்சில் முனையால் தொட்டுப் பார்த்தார். "இந்தப் பக்கம் மட்டும் அஞ்சு. நாலு பக்கத்துக்கும் கணக்குப் போட்டா, மூலைக்கம்பி பொது, பதினாறு." நிமிர்ந்தார். "இந்த முடிச்சு யார் போட்டது?"

எலிசெயோ சுத்தியலைத் தரையில் வைத்தான்.

"முனைய மடிச்சு விட்டிருக்கீங்களே. நிறையப் பேர் செய்யறதில்ல. ஏன் மேஸ்திரி எட்டுன்னு சொன்னீங்க?"

"இது நிக்கக் கூடாது" என்றான் எலிசெயோ. "ஊர்ல ஒரு வீடு நிக்கல. இது மட்டும் எதுக்கு நிக்குது? தெனமும் வந்து பாக்கறேன். வேலிக்கு வெளிய நின்னு பாக்கறேன். ஒரு கீறல் விழுதான்னு பாக்கறேன். இளிச்சிக்கிட்டு நிக்குது."

எஞ்சினியர் தாளை எடுத்து, கோடு போட்ட வரியை அடித்தார். கிழிக்கவில்லை, திட்டவில்லை. வேலையாளைக் கூட்டிக்கொண்டு மேடைப் பக்கம் போனார். தோன் அகாப்பித்தோ ஒற்றைச் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நழுவினார்.

மெலானியா புருஷன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து மூன்று வாரமாயிற்று.

"நம்ம வீட்டுப் பின்சுவர்ல நாலு கம்பி வச்சிருந்தா போதும் மெலா" என்றான். "இங்க மிச்சமான துண்டுக் கம்பியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்கடான்னாங்க. நானும் தூக்கிட்டு வந்தேன். நாலு மூலையிலயும் பள்ளம் தோண்டி, கம்பி நிறுத்தி, கான்கிரீட் போடணும்னு. போட்டேனா? கூலிக்கு ஊரான் தூணுக்கெல்லாம் ரெண்டு சுத்து சுத்தினேன்."

"நீ போடறேன்னுதான் சொன்ன."

"சொல்லி என்ன?"

"நான்தான் வேண்டாம்னேன்." என்றாள் அவள். "மழைக்காலம் வருது, பின்சுவர இடிச்சுப் போட்டா எங்க படுக்கிறதுன்னேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னேன். அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். அந்தக் கம்பிய எடுத்துப் பூசணிக்கொடிக்குப் பந்தல் போட்டது யாரு? நானு. வீடு விழுந்த மறுநாள் காலையில பாத்தேன். பந்தல் அப்படியே நின்னுச்சு. அதுல ரெண்டு காய் தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

எலிசெயோ தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவன் கண்ணிமையெல்லாம் வெள்ளைத் தூசி.

"நானும் பாத்தேன்" என்றான். "நீ பாத்திருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

அவன் அழுதான். அவள் அழவில்லை, அவன் கையிலிருந்த உளியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏறி நின்னப்ப அவ என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான் எலிசெயோ. "ஏரி தெரியுது அத்தான், அக்காவ விட நான் உயரம்னா." மெலானியா மறந்திருந்தாள். அவன் சொன்னதும் திரான்சித்தோவின் செருப்பில்லாத கால்கள் கம்பி மேல் நின்றது கண் முன்னால் வந்தது. அவளுக்கு வலித்தது, ஆனால் அந்த வலியோடு இருக்க முடிந்தது.

எஞ்சினியர் கையெழுத்துப் போட்டார். உடைத்த தூணை யார் பூசுவது என்று தோன் அகாப்பித்தோ கேட்டபோது, எலிசெயோ கலவைச் சட்டியைத் தேடிக்கொண்டு போனான். இரண்டு நாள் வேலை. பாதி வேலையில் எழுந்து எழுந்து வெளியே போவான். ஏரியைப் பார்த்து நின்றுவிட்டு மறுபடி வருவான். பூச்சு பழைய நிறத்தோடு சேரவில்லை. பளிங்கு கிடைக்கவில்லை என்று அப்படியே விட்டார்கள்.

பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, அரங்கத்தில் பாண்டு வாத்தியக் கச்சேரி என்று தோன் அகாப்பித்தோ அறிவித்தார். டிக்கெட் இல்லை, யாரும் வரலாம். சிப்பாய்கள் வேலியை ஒரு பக்கம் விலக்கிவிட்டார்கள். முகாம் முகாமாக லாரி அனுப்பினார்கள். "வீடில்லாத ஊருக்கு வாத்தியம் ஒரு கேடா?" என்று திட்டிக்கொண்டே ஒதிலியா முதல் லாரியில் ஏறி, முன்பக்கமாக இடம் பிடித்துக்கொண்டாள்.

வந்தார்கள். முன்னூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். படிக்கட்டு வரைக்கும் வந்து நின்றுவிட்டார்கள். ஒரு ஆள்கூட உள்ளே நுழையவில்லை. கண்ணாடிக் கதவுகள் அகலத் திறந்து கிடந்தன, உள்ளே சிவப்பு இருக்கைகள் காலியாக இருந்தன, மேடையில் வாத்தியக்காரர்கள் ஊதுவதற்குத் தயாராக உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஜனங்கள் கழுத்தை நீட்டிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. எஞ்சினியர் எழுதிக் கொடுத்திருக்கார்" என்று தோன் அகாப்பித்தோ தாளைத் தூக்கிக் காட்டினார். கடன் வாங்கிய சட்டையில் அன்றைக்குக் கஞ்சி போட்டிருந்தார்.

"தாள் எழுதினவர் எங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"மெக்சிகோ போயிட்டார்."

"பாத்தீங்களா, அவரே நிக்கல!"

சிரிப்பு எழுந்து அடங்கியது. ஒதிலியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வாசல் ஓரத்தில் எலிசெயோ நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஏம்ப்பா எலிசெயோ. நீதானே இதுக்குள்ள கம்பி கட்டின?"

"ஆமா அக்கா."

"நிக்குமா?"

மெலானியா தன் பழைய கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் விரல்கள் மரத்தட்டை இறுகப் பிடித்தன. எலிசெயோ கீழே பார்த்தான், தூணைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். கூட்டத்தில் பாதிப் பேர் யாரையாவது புதைத்துவிட்டு வந்தவர்கள்.

"நிக்கும்" என்றான்.

"சத்தியமா?"

"நான் கட்டினது அக்கா. நிக்கும்."

ஒதிலியா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அவள் பின்னால் வந்தவன் நின்று அதையே கேட்டான். அவனுக்கும் சொன்னான். அடுத்தவள் கைக்குழந்தையோடு வந்தாள், குழந்தையை அவனிடம் காட்டி, "இவனையும் கூட்டிட்டுப் போகலாமா?" என்றாள். போகலாம் என்றான். பிறகு வரிசையே அமைந்துவிட்டது. ஒவ்வொருவராக அவன் முன்னால் நின்று கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் சொன்னான். சிலர் ஒன்றும் கேட்காமல் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். இருபது முப்பது பேர் போவதற்குள் அவன் குரல் கட்டிவிட்டது. மெலானியா ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி சொன்னான். வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு; அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை.

கச்சேரி தொடங்கியது. எலிசெயோவும் மெலானியாவும் அரங்கின் கடைசிக் கதவருகே, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்று கேட்டார்கள். முதல் பாட்டு முடிந்தது. கைத்தட்டல் முதலில் தயங்கித் தயங்கி வந்தது, பிறகு பலத்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் கிளாரினெட் தனியாக மேலே ஏறிக்கொண்டிருந்தபோது தரை லேசாக முனகியது. சரவிளக்கின் கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசின. கிளாரினெட் நின்றது.

யாரும் ஓடவில்லை. இருக்கைகளில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கூரையைப் பார்க்கவில்லை. கடைசிக் கதவருகே நின்ற எலிசெயோவைப் பார்த்தார்கள்.

அவன் மெலானியாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். அவன் பிடி எவ்வளவு இறுகியது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். முகத்தை மட்டும் அசைய விடாமல், ஒன்றுமில்லை என்று மெதுவாகத் தலையாட்டினான்.

அவர்கள் மறுபடி மேடைப் பக்கம் திரும்பினார்கள். கிளாரினெட்காரர் உதட்டை நனைத்துக்கொண்டு, விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினார்.